எண்பத்து நான்கு கிலோ

ஜூடோ சங்கத்தின் சாவி என்னிடம்.
சந்தா நோட்டும் என்னிடம்தான்.
வூச் நகரில், மூடிப்போன நூற்பாலையின் மூன்றாம் மாடியில்
செவ்வாயும் வியாழனும்
ஒருவரையொருவர் தூக்கி எறிகிறோம்.

பாயில் கால் வைக்குமுன்
நகம் வெட்டியிருக்க வேண்டும்.
மோதிரத்தைக் கழற்றி
ஜன்னலோரத் தகர டப்பாவில் போட வேண்டும்.
ஒரு செவ்வாய்க்கிழமை
இவோ டப்பாவைத் தாண்டி நேராக வந்தான்.
அப்படித்தான் தெரிந்தது எங்களுக்கு.
யாரும் கேட்கவில்லை.
அன்றைக்கு மட்டும் அவனைக் கொஞ்சம் மெதுவாக வீழ்த்தினோம்.
அதற்குத்தான் கோபித்துக்கொண்டான்,
இரண்டு வாரம் பேசவில்லை.

ஹால்ஷ்காவின் பிடி தெரியும்:
பிரசவ அறையில் வேலை,
வழுக்குவதைப் பிடித்துப் பழகிய கை.
பொகுமிவா விழும்போதே சிரிக்கத் தொடங்கி
விழுந்தபின்தான் முடிப்பாள்.
செனோன் பாயுமுன்
ஒரு நொடி மூச்சை அடக்குவான்.
அவனுக்கே தெரியாது அது.
பதினோரு வருஷமாக நாங்களும் சொல்லவில்லை.
சொல்லிவிட்டால் அப்புறம்
அவனை யார் வீழ்த்துவது?

மார்ச்சில் மூன்று வாரம் அவன் வரவில்லை.
தொலைபேசி அணைந்தே கிடந்தது.
நோட்டைப் புரட்டினேன்:
செனோன். 84 கிலோ. பிப்ரவரி பாக்கி.
அவ்வளவுதான்.
என் விலாவால் அவன் இதயத் துடிப்பை
எத்தனை இரவு எண்ணியிருக்கிறேன்,
குடும்பப் பெயர் கேட்டதில்லை.
எந்தத் தெரு, எத்தனையாவது மாடி,
வீட்டில் யாராவது இருக்கிறார்களா,
நாய் வளர்க்கிறானா,
ஒன்றும் தெரியாது.
டிராம் ஓட்டுகிறவன் என்பது மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு
இரண்டு தடங்கள் சந்திக்கும் நிறுத்தத்தில்
ஐந்து பேர் நின்றோம்.
இவோ ஃபிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்தான்.
பொகுமிவா ஒரு ஜாடி உப்பு வெள்ளரி.
யார் கேட்டார்கள் அந்தக் குளிரில் வெள்ளரிக்காய்!
ஆனால் தின்றோம், வினிகரில்லாத அந்தத் தண்ணீரைக்கூடக்
குடித்துத் தீர்த்தோம்.
வந்த ஒவ்வொரு டிராமின் முகத்திலும் குனிந்து பார்த்தோம்.
ஓட்டுநர்கள் பயந்து மணியடித்தார்கள்.

பதினேழாவதில் இருந்தான்.
கம்பம் விழுங்கியவன் போல
நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.
கதவைத் திறந்து
"ஏறுங்கள், குளிர் உள்ளே வருகிறது" என்றான்.

'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்ற பலகைக்குக் கீழே
ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.
தேவாலயத்துக்குப் போகும் அம்மாள் ஒருத்தி
எங்களை விடச் சத்தமாக எங்களைக் கண்டித்தாள்.
ஹால்ஷ்கா மட்டும் கத்தவில்லை.
அவன் உட்கார்ந்த கோணத்தையே பார்த்திருந்தாள்.
"எந்த விலா?"
"ஏழாவது."
"எப்படி?"
"குளியலறையில் வழுக்கி."
அவள் விரல்விட்டு எண்ணினாள்,
வாரங்களைப் பின்னோக்கி,
இடுப்பில் ஏற்றி அவனைக் கடைசியாக எறிந்த
அந்த வியாழன் வரைக்கும்.
"குளியலறை" என்றாள்.
"ஆமாம்" என்றான், தண்டவாளத்தைப் பார்த்தபடி.
"கழுதை" என்றாள்.
அடுத்த நிறுத்தம் வரை யாரும் பேசவில்லை,
பலகை சொன்னபடி.

அடுத்த நிறுத்தத்தில் பரிசோதகர் ஏறினார்.
ஐந்து பேரிடமும் சீட்டு இல்லை.
அபராதத்தைச் சங்கப் பணத்திலிருந்து கட்டினேன்.
நோட்டில் தொகையை எழுதிவிட்டேன்.
'காரணம்' என்ற கட்டம் இன்னும் காலி.
இறங்கும்போது குடும்பப் பெயரைக் கேட்டேன்.
சொன்னான்.
வளைவில் எதிர் டிராம் கிறீச்சிட்டது.
மறுபடி கேட்கவில்லை.

மே மாதம் வந்தான்.
எடை பார்த்தோம், எண்பத்தொன்று.
டப்பாவில் மோதிரம் விழுந்த சத்தத்தில்
எல்லோரும் திரும்பினோம்.
பதினோரு வருஷம் அதைக்கூடக் கவனித்ததில்லை நாங்கள்.

அவனும் ஹால்ஷ்காவும் குனிந்து வணங்கினார்கள்.
கைகள் சட்டையைப் பற்றின.
அவன் மூச்சை அடக்கினான்.
எங்கள் எல்லோருக்கும் கேட்டது.
அவளுக்கும் கேட்டது.

துளியும் குறைக்காமல்
தூக்கி எறிந்தாள்.